ஐந்து இலைப் பந்தி

அக்டோபர் 8, செவ்வாய்

இந்த டைரி என் கணவர் முருகானந்தத்தின் லேத் பட்டறைக்கு ஒரு பம்ப் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பராமரிப்புக் குறிப்பு அச்சிட்டிருக்கிறார்கள். இன்றைய குறிப்பு: "பேரிங்கில் சத்தம் வந்தால் உடனே கவனிக்கவும்."

அலுவலகத்தில், திருப்பூர்ப் பேருந்து நிறுவனத்தின் முன்பதிவுத் தளத்துக்குப் புதிய கனெக்ஷன் பூல் மென்பொருளைப் போட்டேன். இப்போது பதினைந்து நாள் சோதனை உரிமத்தில் ஓடுகிறது. நாற்பது இணைப்புகளுக்கான முழு உரிமத்துக்கு எங்கள் முதலாளி தனபால் சார் ஒப்புதல் கொடுத்துவிட்டார். உரிமக் கோப்பு இரண்டு நாளில் மெயிலில் வந்துவிடும் என்றார்கள்.

மதியம் நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரையும் உட்கார வைத்து, பூல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன். கல்யாண மண்டபத்துப் பந்தியை எடுத்துக்கொண்டேன். டேட்டாபேஸ் என்பது சமையல்கட்டு. வருகிற ஒவ்வொருவரும் நேரே சமையல்கட்டுக்குள் போனால் அடுப்பே அணைந்துவிடும். அதனால் வெளியே நாற்பது இலை போட்டு வைக்கிறோம். ஒருவர் சாப்பிட்டு எழுந்தால்தான் அந்த இடத்தில் அடுத்தவர் உட்கார முடியும். எத்தனை இலை போடலாம் என்பதை உரிமம் சொல்லும். சாப்பிட்டு முடித்தும் எழாமல் இருந்தால் அதுதான் கசிவு. உங்கள் நிரல் வாங்கிய இணைப்பை வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிழை வந்து பாதியில் நின்றாலும் கொடுத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

ரஃபிகா கையைத் தூக்கினாள். "அக்கா, எங்க மாமியார் ஊரு கீழக்கரைங்க. அங்க விருந்துன்னா ஒரே சஹன் தட்டுல நாலு பேரு சுத்தி உக்காந்து சாப்புடுவாங்க. அதுக்கு உங்க பூல்ல வசதி இருக்குங்களா?"

"அதுக்கு வேற சாஃப்ட்வேர் வாங்கணும். தனபால் சார்கிட்டக் கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வந்து ஐந்தரை மாதம் ஆகிறது. குழந்தைக்காக நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடியவள். பதினோரு இடத்தில் வேண்டாம் என்றார்கள். நேர்காணலில் நான்தான் இவளை எடுக்கலாம் என்றேன். நானும் முப்பத்தாறு வயதில் அப்படித்தான் திரும்பி வந்தேன். இந்த மாதம் முப்பத்தொன்றோடு அவளுடைய தகுதிகாண் காலம் முடிகிறது.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுதபூஜை விடுமுறை என்பதால் அலுவலகப் பூஜை இன்று மாலை நான்கு மணிக்கு. சர்வர் அறையில் எல்லாப் பெட்டிகளுக்கும் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டிய பிறகு சனிக்கிழமை வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்பது தனபால் சார் வைத்த வழக்கம். அந்த வருடம் முடித்த வேலையின் சரிபார்ப்புப் பட்டியலை அச்செடுத்து, டிக் போட்டு, கையெழுத்திட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பதும் அவர் வழக்கம்தான். "ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக்கூடாதுங்க மேடம், சாமி பாக்கறது" என்பார்.

உரிமக் கோப்பு மூன்று மணிக்கு மேல் வந்தது. பதினான்கு படிகளும் முடிந்தன. கையெழுத்திட்டு வைத்தேன். பட்டியலின் மூலையில் குங்குமம் வைத்தார்கள். எல்லோரும் நின்றோம், ரஃபிகா படம் எடுத்தாள்.

வரும் வழியில் பொரி, கடலை, வாழைக்கன்று இரண்டு, பூசணி வாங்கினேன். பட்டறைக்குச் சுண்டல் நாளை.

அக்டோபர் 14, திங்கள்

மிச்சமான பொரியை வெங்காயம், கேரட் போட்டுக் கலந்து கொடுத்தேன். இவர் அதையும் மிச்சம் வைத்தார்.

செய்ய வேண்டியது ஏதோ ஒன்று மனத்தில் நெருடிக்கொண்டே இருக்கிறது. கேஸ் பதிவு செய்ததா, மின்கட்டணமா? இரண்டும் செய்தாயிற்று.

அக்டோபர் 22, செவ்வாய்

ரஃபிகா ஒரு புதிய வசதி செய்திருக்கிறாள். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்குப் பக்கத்து இருக்கையில் இன்னொரு பெண்ணுக்கு மட்டுமே இடம் கிடைக்கும். நிரலை என்னிடம் காட்டினாள். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது, ஏற்றிவிடு என்றேன். மாலையில் ஏற்றினாள். நாளை காலை பத்து மணிக்குத் தீபாவளிச் சிறப்புப் பேருந்துகளுக்கு முன்பதிவு தொடங்குகிறது.

அக்டோபர் 23, புதன்

பத்து மணிக்குத் திறந்தோம். பத்து நான்குக்கு எல்லாம் நின்றுவிட்டது.

தனபால் சார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் மேசைக்கு வந்தார். "மேடம், திருப்பூர்ல இருந்து போன் மேல போனுங்க. சீட்டு காட்டுதாம், பேர் எழுதி உள்ள போனா சுத்திக்கிட்டே இருக்குதாம். பனியன் கம்பெனி ஆளுங்க அத்தனை பேரும் ஊருக்குப் போகணும். என்ன பண்றீங்களோ பண்ணுங்க."

பூலின் அமைப்புக் கோப்பில் அதிகபட்ச இணைப்பு நாற்பது என்று இருந்தது. அதை நூறாக்கினேன். ஒன்றும் நகரவில்லை. காத்திருக்கும் நேரத்தை முப்பது வினாடியிலிருந்து அறுபதாக்கினேன். வரிசை இன்னும் நீண்டது. கண்காணிப்புத் திரையில் வேலை செய்யும் இணைப்பு ஐந்து, காத்திருப்பவை முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரு மணி நேரம் கழித்தும் ஐந்து. மதியத்துக்கு மேலும் ஐந்து.

காரணம் பிடிபடவில்லை.

ஐந்து மணிக்குக் கூடினோம். நேற்றுவரை ஓடியதுதானே, நேற்று என்ன மாற்றினோம் என்று தனபால் சார் கேட்டார். எல்லோரும் ரஃபிகாவைப் பார்த்தார்கள். அவள் தன் நிரலைப் பெரிய திரையில் போட்டாள். நான் வரி வரியாகப் படித்தேன். பிழை வந்தால் வெளியேறும் ஒரே ஒரு இடத்தில் இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும் வரி இல்லை.

"இங்க ஒரு கனெக்ஷன் மூடாம இருக்கு" என்றேன்.

அது உண்மை.

அவளுடைய மாற்றத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். அதே நேரத்தில் நான் சர்வர் அறைக்குப் போய் ஒரு சிறு வேலை செய்துவிட்டு பூலை நிறுத்தித் தொடங்கினேன். மாலை ஆறு நாற்பது. தளம் எழுந்து ஓட ஆரம்பித்தது. தனபால் சார் எனக்குக் காபி வரவழைத்தார்.

ரஃபிகா தண்ணீர் குடிக்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

எழுத இருந்தது. நேற்றே எழுதியிருக்க வேண்டும். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை; இதிலும் மறைத்தால் நான் எங்கே போய்ச் சொல்வது.

பதின்மூன்றாம் படி: "நிரந்தர உரிமக் கோப்பைச் சர்வரில் ஏற்றி, பூலை மறுதொடக்கம் செய்யவும்." பத்தாம் தேதி அதைச் செய்யாமலே டிக் போட்டேன். கோப்பு வந்தபோது மூன்று நாற்பது. மறுதொடக்கம் செய்து சரிபார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். வெளியே தட்டில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டியல் கேட்டு இரண்டு முறை ஆள் வந்தது. பூஜை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று டிக் போட்டேன். பூஜை முடிந்ததும் தொடக்கூடாது என்றார்கள். திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். திங்கட்கிழமை மறந்துவிட்டேன். பட்டியலில் டிக் இருந்ததால் யாரும் நினைவூட்டவில்லை.

சோதனை உரிமம் இருபத்திரண்டாம் தேதியோடு முடிந்தது. முடிந்தால் அந்த மென்பொருள் நிற்காது, எச்சரிக்கை மெயிலும் அனுப்பாது. சத்தமில்லாமல் ஐந்து இணைப்புக்குச் சுருங்கிக்கொள்ளும். அமைப்புக் கோப்பில் நூறு என்று எழுதினாலும் ஆயிரம் என்று எழுதினாலும் ஐந்து இலைதான். இது கையேட்டின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். புதன்கிழமை பதினொன்றரை மணிக்கே, அந்த ஐந்து அசையாமல் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "காரணம் பிடிபடவில்லை" என்று எழுதியது பொய்.

தெரிந்தும் மாலை ஆறு நாற்பது வரை கோப்பை ஏற்றவில்லை. ஏற்றிய உடனே சரியாகியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வேறு ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். ஏழு மணி நேரம். திருப்பூரில் எத்தனை பேர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்களோ.

ரஃபிகாவின் நிரலில் இருந்தது கசிவுதான். ஆனால் அது ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ இணைப்பை விழுங்கும். பூலே பத்து நிமிடத்தில் அதைப் பிடுங்கி வைத்துவிடும். அதற்கான அமைப்பையும் நான்தான் போட்டேன். அந்த நிரலைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னவளும் நான்தான்.

இன்று மதியம் அவள் என் மேசைக்கு வந்தாள். சர்வரின் பதிவேட்டை வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள், தன் தவறு எப்படி இவ்வளவு பெரிதானது என்று கண்டுபிடிக்க.

"அக்கா, லைசென்ஸ் ஃபைல் ஏறின தேதி இருபத்துமூணுன்னு காட்டுதுங்க. ஆறு நாப்பது."

"அது திரும்ப ஏத்தினது. ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணிப் பாத்தேன்."

"அப்படிங்களா." குறித்து வைத்திருந்த தாளை மடித்துக்கொண்டாள். "சரிங்க்கா."

வீட்டுக்கு வந்து சாதம் வைத்தேன். பருப்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அக்டோபர் 26, சனி

பூஜை போட்ட யந்திரத்தைத் தொடக்கூடாது என்பதால்தான் இது நடந்தது என்று இரண்டு நாளாக மனத்துக்குள் ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் முருகானந்தத்திடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன், பூஜை போட்ட பிறகு லேத்தை ஓட்டியிருக்கிறீர்களா என்று.

"ஏன் ஓட்டாம? மூணு வருசம் முன்னால சூலூர்த் தோட்டத்துக்காரருக்கு மோட்டார் ஷாஃப்ட் உடைஞ்சு போச்சு. மாடு கன்னுக்குத் தண்ணியில்லைன்னு வந்து நின்னாரு. மாலையக் கழட்டி ஓரமா வெச்சுட்டு ஓட்டிக் குடுத்தேன்."

"சாமி குத்தம் ஆகாதா?"

"சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல. நீதான் வேட்டி அழுக்காயிருச்சுன்னு கோவிச்சுக்கிட்டே." பிறகு என்னைப் பார்த்தார். "ஏன், ஆபீஸ்ல எதாச்சுங்களா?"

பாதி கேலியாகத்தான் என்னை அப்படி ங்க போட்டுப் பேசுவார். ஒன்றுமில்லை என்றேன். என்னுடைய வாதம் அதோடு போனது. அன்றைக்கு என்னைத் தடுத்தது சாமி அல்ல. "சார், ஒரு படி பாக்கி இருக்கு, அரை மணி நேரம் பூஜையத் தள்ளி வையுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சப்பட்டேன். நாற்பத்தாறு வயது. என்னைச் சுற்றி இருபத்தைந்தும் முப்பதும். வேகம் போய்விட்டது என்று யாராவது நினைப்பார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு பயம்.

அக்டோபர் 28, திங்கள்

வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிக்கையைத் தனபால் சார் எழுதி என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். "புதிய பணியாளர் ஒருவரின் நிரல் பிழையால்" என்று இருந்தது. பெயர் இல்லை. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன்.

கூடவே இன்னொரு தாள். ரஃபிகாவின் தகுதிகாண் மதிப்பீடு.

"எனக்கும் சங்கடமாத்தானுங்க இருக்குது. நல்ல புள்ள. ஆனா பார்ட்டி விட மாட்டேங்கறாங்க. யார் மேல நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேக்கறாங்க. நீங்க டீம் லீடர், ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நீட்டிக்க முடியாதுங்களா? இன்னும் மூணு மாசம்?"

"அப்ப அந்தத் தப்பு யாருதுன்னு கேப்பாங்களே மேடம்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டே விட்டார். பேனாவின் மூடியைக் கழற்றியபடியே நின்றிருந்தேன். "பணியில் தொடரப் பரிந்துரைக்கப்படவில்லை" என்ற கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

தீபாவளிக்கு இவருக்கு வேட்டி எடுக்க வேண்டும். இன்னும் எடுக்கவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

அவளிடம் சொல்லிவிட்டார்கள். அழவில்லை. கணினியை ஒப்படைத்தாள், அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் எழுதிய ஒப்படைப்புக் குறிப்பு எட்டுப் பக்கம் இருந்தது. அந்த நிரலில் விட்டுப்போன வரியை எழுதி, சோதித்து, தயாராகவும் வைத்திருந்தாள்.

கிளம்பும்போது என் மேசைக்கு வந்தாள். நான் போனில் பேசுவது போல இருந்தேன். மறுமுனையில் யாரும் இல்லை. ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "வர்றேனுங்க்கா" என்று வாயசைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. சென்னையிலிருந்து மகள் வந்திருக்கிறாள். வேறொரு நிறுவனத்தின் பேருந்தில் டிக்கெட் கிடைத்ததாம். "உங்க தளம் அன்னிக்கு ஏன்மா அப்படிச் சுத்துச்சு? என் ரூம்மேட் திருப்பூர்க்காரி, கடைசியில நின்னுட்டே போனா" என்றாள். அதிரசம் வேகவில்லை என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒன்பது மணிக்கு ரஃபிகாவிடமிருந்து செய்தி. "தீபாவளி வாழ்த்துகள் அக்கா. மாமாவுக்கும் சொல்லுங்க." ஒவ்வொரு பண்டிகைக்கும் அனுப்புகிறவள்தான். இன்றைக்கும் அனுப்பியிருக்கிறாள்.

பதில் எழுதி எழுதி அழித்தேன்.

நவம்பர் 1, வெள்ளி

முருகானந்தத்திடம் சொன்னேன். முழுவதும். தாம்பாளத்தில் மிச்சமிருந்த முறுக்கை டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டாமென்று.

கேட்டு முடித்துவிட்டு அவர், "அந்தப் பொண்ணுக்கு எத்தன வயசுக் குழந்தை?" என்று மட்டும் கேட்டார்.

"நாலரை."

அதற்கு மேலும் கேட்டிருக்கலாம்.

நவம்பர் 4, திங்கள்

ஒன்பதரைக்கெல்லாம் தனபால் சார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். சொன்னேன். முதலில் நான் வேலையை விடப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"அப்ப விடுங்க மேடம். பார்ட்டிக்கு எழுதிக் குடுத்தாச்சு. இப்பப் போயி அது இல்ல, இதுதான்னு சொன்னா, லைசென்ஸ்கூடப் போடத் தெரியாத கம்பெனியான்னு கேப்பாங்க. அந்தப் புள்ளைக்கு நான் வேற எங்காச்சும் சொல்லி வெக்கறேன். நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதுதான் இந்த ஒரு மாதத்திலேயே எனக்கு மிகவும் அருவருப்பான கணம்.

பூஜை அலமாரியிலிருந்து பட்டியலை எடுத்தேன். குங்குமம் காய்ந்து மூலையில் ஒட்டியிருந்தது. பதின்மூன்றாம் படியில் என் டிக் மற்றதை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதைப் படம் எடுத்தேன். உரிமக் கோப்பு ஏறிய தேதி காட்டும் பதிவேட்டு வரியையும் சேர்த்தேன். பன்னிரண்டு வரியில் மெயில் எழுதினேன். உரிமம் காலாவதியானது, நான் ஏற்றாதது, ஏற்றியதாக டிக் போட்டது, தெரிந்த பிறகும் ஏழு மணி நேரம் சொல்லாதது, ரஃபிகாவின் நிரலில் இருந்தது இந்தப் பாதிப்பை உண்டாக்காது என்பது, அந்த நிரலைச் சரிபார்த்தது நான் என்பது, பரிந்துரைக்கவில்லை என்று கையெழுத்திட்டதைத் திரும்பப் பெறுகிறேன் என்பது. வாடிக்கையாளர், தனபால் சார், குழுவில் எல்லோரும், ரஃபிகாவின் சொந்த முகவரி. அனுப்பினேன்.

தனபால் சார் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். போன் அடிக்கத் தொடங்கியது.

நவம்பர் 6, புதன்

நான் இனி டீம் லீடர் இல்லை. வேலையில் இருக்கிறேன், அடுத்த ஆறு மாதம் சர்வரில் எதைத் தொட்டாலும் இன்னொருவர் கூட இருக்க வேண்டும். எனக்குத் துணையாக உட்காருகிற பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது. நான் ஒவ்வொரு கட்டளையைத் தட்டும்போதும் அவள் வேறு பக்கம் பார்க்கிறாள், எனக்குக் கூச்சமாக இருக்குமென்று.

ரஃபிகாவை நேற்றே கூப்பிட்டுத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். பதில் சொல்லவில்லையாம்.

நவம்பர் 8, வெள்ளி

மதியம் அவளே வந்தாள். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் கோப்பு. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக வீட்டிலேயே யோசித்து வைத்திருந்த வாக்கியங்களைத் தொடங்குமுன் அவளே பேசினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியுங்க்கா" என்றாள். "பதிவேட்டுல அதுக்கு முன்னாடி ஏத்தினதா ஒரு வரியும் இல்ல. திரும்ப ஏத்தினதுன்னு நீங்க சொன்னப்பவே தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"யாருகிட்ட? நான் சொன்னா தப்பிக்கச் சொல்றாப்பல இருக்கும். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். இண்டர்வியூல எனக்காகப் பேசுனவங்க நீங்க. தீபாவளி வரைக்கும் இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"திரும்ப வர்றியாம்மா?"

"இல்லீங்க்கா. இங்க உக்காந்தா எல்லாரும் என்னயப் பாவமாப் பாப்பாங்க. வேற எடம் பாக்கறேன். அங்க ஆறு மாசத்துல ஏன் விட்டேன்னு கேப்பாங்க. அதுக்குத்தான் வந்தேன்." கோப்பைத் திறந்தாள். என் மெயிலை அச்செடுத்து வைத்திருந்தாள், பட்டியலின் படத்தோடு. "இதுல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மெயிலு பொய்யின்னு சொல்லலாம். நீங்க கையெழுத்துப் போட்டா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

சிரிக்கவில்லை, குத்தவும் இல்லை. அந்தப் பட்டியலில் நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அவள் காத்திருந்தாள். பிறகுதான் போட்டேன்.